ஊசி இன்னும் ஏறுகிறது

செப்டம்பர் 6

பந்தயக் காரின் இஞ்சின் பிளாக் இன்னும் பட்டறையில்தான். போன் இல்லை.

செப்டம்பர் 9

போன் வந்தது. விரிசல். ஆறாவது சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் (புகை போகிற வால்வு வந்து உட்காரும் இடம்) நடுவில். பட்டறைக்காரர் நேரில் வரச்சொல்லிக் காட்டினார். பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவினால், நல்ல இடத்தில் தூள் சும்மா கிடக்கிறது, விரிசலில் மட்டும் எறும்புச் சாரை போல வரிசை கட்டி நிற்கிறது. துடைத்துவிட்டு விரலால் தடவினேன். ஒன்றுமே தட்டுப்படவில்லை.

ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 என்றாலே இது உண்டு என்று எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். வால்வெல்லாம் மேல்மூடியான ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே. எரிந்த புகை பிளாக்குக்குள் புகுந்து, தண்ணீர் ஓடும் இடத்தின் ஊடாகவே சுற்றி வெளியே வருகிறது. அதுவும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வாசல். எரிகிற அடுப்பைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்த கதை. சூடாகாமல் என்ன செய்யும்?

இந்த இஞ்சினை முன்பு ஓட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

சொல்லிவிட்டேன். "அதுவா, 1955-லேயே இருந்ததே" என்றார். அதோடுதான் ஓட்டினாராம். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

செப்டம்பர் 17

தையல் போடுகிறார்கள். நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். விரிசல் நெடுகத் துளையிட்டு, மரை போட்டு, ஒவ்வொரு முளையும் முந்தையதைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு நிற்கும்படி முறுக்கி, தலையை உடைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி இஞ்சினோடு மல்லுக்கட்டிய ஆள், உடனே கூப்பிட்டார். "வெல்டிங் மட்டும் வெச்சுறாத கண்ணு, வார்ப்பிரும்பு, பக்கத்துலயே இன்னொண்ணு கெளம்பும்." இங்கே பட்டறைக்காரரும் அதையேதான் சொன்னார். என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 28

பிளாக் வீட்டுக்கு வந்தாயிற்று. போர், அதாவது சிலிண்டர் விட்டம், 3 5/16 அங்குலம், பெரியவர் வைத்திருந்த மெர்க்குரி கிராங்கின் வீச்சு 4 அங்குலம், எட்டு சிலிண்டரும் சேர்ந்து 276 கன அங்குலம். 1932-ல் இந்த இஞ்சின் முதலில் வந்தபோது 221, 65 குதிரைசக்தி. போர் ஏற ஏறச் சுவர் மெலியும். மெலிந்தால்? சரி, எழுத வேண்டாம்.

அக்டோபர் 3

பக்கத்து வீட்டு வாசல் பலகையில் 'விற்றாகிவிட்டது' என்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 5

ஒரு ஹெட்டுக்கு 24 ஸ்டட், அதைப் பிளாக்கோடு பிடிக்கிற மரை முளைகள். பெரும்பாலும் தண்ணீர் அறைக்குள் இறங்குகிறவை. மரையில் பசை தடவாமல் விட்டால் ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் மேலே ஏறி வந்துவிடும். 48 ஸ்டட்டையும் துடைத்து, தடவி, கையால் இறக்கி, பிறகு நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி மூன்று தவணையாக முறுக்கினேன். கோலம் போடுகிற மாதிரி, நடுப்புள்ளி தப்பினால் எல்லாம் தப்பு. பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டார்க் ரெஞ்ச் சொடுக்குவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழாவதில் "அதை இன்னொரு தடவை" என்றார். பார்வை சரியில்லாதவர், எப்படித் தெரிந்ததோ. இன்னொரு தடவை முறுக்கினேன். கால் சுற்று போனது.

அக்டோபர் 11

மூன்று ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரும் ஒழுகுகின்றன. கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை, வீட்டுக்காரி உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். இந்த கார்புரேட்டருக்கு 3 பவுண்டு அழுத்தம் போதும், நான் புத்திசாலித்தனமாக மாட்டிய எலக்ட்ரிக் பம்ப் அதற்கு இரண்டு மடங்கு தள்ளுகிறது. ரெகுலேட்டர் வாங்க வேண்டும். பழைய வண்டிக்குப் புதுச் சாமான் போட்டால் இப்படித்தான்.

அக்டோபர் 12

ஓடியது!!! நாலு நிமிஷம். வெப்ப ஊசி 170, 180, 190 ஃபாரன்ஹீட். அணைத்துவிட்டேன். ஒழுகல் இல்லை, ஆறாவதில் ஒன்றும் இல்லை. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 15

ராத்திரி மூன்று மணி. ஏழு நிமிஷத்தில் 212, தண்ணீர் கொதிக்கும் சூடு. ஆறியதும் ஹெட்டை மறுபடி முறுக்கினேன், ரேடியேட்டரைக் கழுவினேன், இரண்டு வாட்டர் பம்பையும் கழற்றிப் பார்த்தேன் (பக்கத்துக்கு ஒன்று, ஆக இரண்டு மடங்கு கவலை). இதோடு பாலைவனப் பந்தயத்துக்குப் போவதா?

அக்டோபர் 16

பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். சிரித்தார். பந்தயம் நடக்கிற எல் மிராஜ் ஏரிப்படுகையில் ஓடுவது 1.3 மைல், ஒரு நிமிஷத்து வேலை, ஒரு நிமிஷத்தில் எந்த இஞ்சினும் வேகாது என்றார். வேக வைப்பது வரிசை. காலையிலிருந்து வெயிலில், நூறு வண்டிக்குப் பின்னால், ஒவ்வொரு தடவையும் நகர்த்த ஸ்டார்ட் செய்கிறான் பார், அவன்தான் காலி. "ஸ்டார்ட் பண்ணாதே. தள்ளு."

இத்தனை நாளாக ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். விடை என் தோளில் இருந்திருக்கிறது.

அக்டோபர் 20

தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், கழுத்துப் பட்டை, கையை வெளியே வீசாமலிருக்க இரண்டு மணிக்கட்டிலும் வார். எல்லாம் மாட்டிக்கொண்டு தானாகவே வெளியே வந்து காட்ட வேண்டும். வீட்டுக்காரி ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். 31 வினாடி. 1929 மாடல் ஏ பாடி, 1932 சேசிஸ், அதற்குள் ரோல் கேஜ், அதற்குள் நான். மகள் "அப்பா பாட்டிலில் மாட்டிய பூனை" என்றாள். ஐந்தாவது தடவை 14.

அக்டோபர் 27

மேகம். ஏரிப்படுகை ஈரமானால் பந்தயம் கிடையாது, களிமண், டயர் தரையைக் கிழித்துவிடும். பான்வில் உப்புப் படுகையில் 2014, 2015 இரண்டு வருஷமும் தொடர்ந்து ஸ்பீட் வீக் பந்தயம் ரத்தானது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. பெரியவருக்கு அவர் மகள் நவம்பர் 12-க்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஒரேகான். இனி அங்கேதான்.

அக்டோபர் 28

தூறல்.

அக்டோபர் 29

தூறல்தான். ஏரி காய்ந்தே இருக்கிறதாம். மூன்று பேரிடம் கேட்டாயிற்று.

நவம்பர் 5

ஆறாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல பழுப்பு. திருப்பி மாட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கழற்றினேன்.

நவம்பர் 8

நாலு மணிக்குக் கிளம்பி கஹோன் கணவாய் ஏறி, விடியும்போது ஏரி. ஏரி என்று பேர், கண்ணுக்கெட்டிய வரை அப்பளம் போல வெடித்த மண். பெரியவர் இறங்கியதும் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார்.

பரிசோதகர் ஒரு போல்ட்டில் லாக் வயர், கழலாமல் கட்டுகிற கம்பி, இல்லை என்று திருப்பி அனுப்பினார். சரியாகத்தான் சொன்னார், கோபம் என்மேலேயே. அப்புறம் வரிசை. தள்ளினோம். வீட்டுக்காரி, நான், முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர். மூன்றேகால் மணி நேரம் தள்ளினோம். பெரியவர் நிழல்குடைக்குக் கீழே நடந்தே வந்தார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. என் முறை வந்தபோது ஊசி கிடந்த இடத்தை விட்டு அசையவே இல்லை, இஞ்சின் காலை நேரம் போலக் குளிர்ந்திருந்தது.

பின்னாலிருந்து டிரக் தள்ளிவிட்டது, கிளட்சை விட்டேன், பிடித்தது. இரண்டாவது கியர் வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஸ்டியரிங் கையில் மிதந்தது, வண்டி நேராகப் போவது போலவும் பக்கவாட்டில் போவது போலவும் ஒரே சமயத்தில் இருந்தது, வாயெல்லாம் மண். வெப்ப ஊசியைப் பார்க்கவே மறந்துபோனேன். இத்தனை நாள் அதை மட்டுமே பார்த்தவன்.

மணிக்கு 104.2 மைல்.

வேகம் எழுதிய சீட்டைப் பெரியவர் வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். "மூன்றாவது கியரைச் சீக்கிரம் போட்டுவிட்டாய். நாளைக்குப் பொறுத்துப் போடு." சீட்டைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9

காலை 6.10. காற்று இல்லை. முன்னால் பதினேழு வண்டி. ஆறாவதுக்கு நேர் கீழே ஒரு சொட்டு ஈரம், தண்ணீரா பனியா தெரியவில்லை, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன், வரிசை நகர்கிறது, தள்ள வேண்டும்