எது இலவசம், எதற்குக் காசு

கானாடுகாத்தானில் ஆபீஸ் என்று சொன்னால் சென்னை நண்பர்கள் யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் முழுதாகத் திறக்கிற ஒரு பெரிய வீட்டின் மாடியில் இரண்டு அறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்று பேர், மூன்று லேப்டாப், ஒரு யுபிஎஸ், ஒரு ஃபைபர் லைன், அவ்வளவுதான். மூவரும் காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அந்த மாடியில் உட்கார்ந்துதான் அலர்ட்களை, அதாவது சர்வரில் கோளாறு வந்தால் போனுக்கு வரும் எச்சரிக்கைகளை, மேய்க்கிற ஒரு மென்பொருளை எழுதி ஓப்பன் கோர் முறையில் வெளியிட்டோம். அதாவது அடிப்படை நிரல் முழுவதும் கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கும், யாரும் எடுத்து ஓட்டலாம், மேலே சில வசதிகளுக்கு மட்டும் காசு. நிரல் எழுதுவதில் பெரிய கஷ்டமில்லை. எந்த வசதி இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று கோடு போடுவதில்தான் மாட்டிக்கொண்டோம்.

இது ஏன் வேண்டியிருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு மாதத்தில் ஒரு வாரம் ஆன்கால், ராத்திரியோ பகலோ கோளாறு வந்தால் எழுந்து பார்க்கிற முறை. ஒரு டேட்டாபேஸ் திணறினால் போதும், அதை நம்பியிருக்கிற அத்தனை சர்வீஸும் தனித்தனியாக அழ ஆரம்பிக்கும். ஒரு சாவுக்கு ஊரே தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்கிற மாதிரி. ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் போனை மியூட் செய்துவிட்டுப் படுத்தேன், அன்றைக்குத்தான் நிஜமான ஒன்று வந்தது. காலையில் மேனேஜர் திட்டவில்லை. “பார்த்துக்கோங்க” என்று மட்டும் சொன்னார், அது திட்டியதைவிட மோசம்.

இதற்கெல்லாம் கருவிகள் இல்லாமல் இல்லை. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய, சர்வர்களைக் கண்காணிக்கிற புரொமீதியஸோடு அலர்ட்மேனேஜர் என்று ஒன்று வரும். ஒரே வகை அலர்ட்களைச் சேர்த்துக் கட்டி, முதலில் 30 நொடி பொறுத்து அனுப்பும். தீராத பிரச்சினையை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் மறுபடி நினைவூட்டும், நாமாக மாற்றாத வரை. நல்ல கருவிதான். ஆனால் நிஜமான கம்பெனிகளில் அலர்ட் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கொஞ்சம் கிளவுடிலிருந்து, கொஞ்சம் யாரோ என்றோ நிறுவிவிட்டுப் போன நாகியோஸ் என்ற பழைய கண்காணிப்புக் கருவியிலிருந்து, மிச்சம் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பும் மெயிலாக. எல்லாவற்றையும் ஒரு வாசல் வழியாக உள்ளே விட்டு, ஒன்று போல் இருப்பதை ஒன்றாக்கி, சரியான ஆளிடம் சேர்ப்பதுதான் எங்கள் திட்டம்.

ஒன்று போல் இருப்பது என்பதில்தான் வினையே. ஒவ்வொரு அலர்ட்டோடும் வரும் லேபிள்களை, எந்த சர்வர், எந்தக் கோளாறு என்கிற குறிப்புகளை, வைத்து அதற்கு ஒரு கைரேகை கணக்கிடுவோம். கைரேகை ஒன்றானால் அலர்ட்டும் ஒன்று. முதல் சோதனையிலேயே ஒரே கோளாறு நூற்றுச் சொச்சம் அலர்ட்டாக வந்து நின்றது. பார்த்தால் லேபிளில் பாட் பெயரும் இருக்கிறது. பாட் என்பது நிரல் ஓடுகிற சின்னப் பெட்டி மாதிரி, அது ஒவ்வொரு முறை செத்துப் பிழைக்கும்போதும் புதுப் பெயர், புதுக் கைரேகை. எந்த லேபிளைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று பயனரே சொல்லும்படி மாற்றினோம். இரண்டு வாரம் போனது.

அப்புறம் அந்தக் கோடு. பங்காளிகள் சேர்ந்திருக்கிற வீட்டில் பட்டாலைக் கூடமும் வளவு முற்றமும் எல்லோருக்கும் பொது, சுற்றியிருக்கிற அறைகள் மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி, பூட்டும் தனி. ஓப்பன் கோர் என்றால் இதுதான் என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அலைந்தேன். “வழக்கெல்லாம் அந்த அறையிலதானடா வருது” என்றான் நண்பன். சரிதான்.

லைசென்ஸ் விஷயத்தில் ஆட்கள் ஏற்கெனவே சூடு கண்டவர்கள். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் கருவியின் திறந்த லைசென்ஸை மாற்றியதும், பிடிக்காதவர்கள் அடுத்த மாதமே பழைய நிரலை ஓப்பன்டோஃபு என்று பிரித்துக்கொண்டு போனார்கள். எங்கள் துறையிலேயே, 2022இல் திறந்த நிரலாக வந்த கிராஃபானா ஆன்கால் 2025 மார்ச்சில் புது வசதி எதுவும் வராத பராமரிப்பு நிலைக்குப் போனது. அட்லாசியன் நிறுவனம் 2018இல் வாங்கிய, இதே வேலையைச் செய்கிற ஆப்ஸ்ஜீனியை 2027 ஏப்ரலோடு மூடப்போவதாக அறிவித்துவிட்டது. அதனால் யாரிடம் காட்டினாலும் முதல் கேள்வி, “நாளைக்கு நீங்களும் பூட்டிட்டா?” என்பதுதான். கட்டண நிரலைத் தனி ஃபோல்டரில் தனி லைசென்ஸோடு வைத்தோம். இதே ஓப்பன் கோர் முறையில் இயங்கும் கிட்லேப் நிறுவனம் பல வருடமாகச் செய்வதுதான். அந்த ஃபோல்டரை அழித்துவிட்டாலும் மிச்சம் ஓட வேண்டும் என்று நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும்படி டெஸ்ட் எழுதினோம். எங்களை நாங்களே நம்பாததற்கு அது ஒரு ஏற்பாடு.

வெளியிட்ட அன்று ராத்திரி ஒரு கூத்து. மூவரும் களைத்துப்போய் கீழே உள்கட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் அப்படியே படுத்துவிட்டோம், வெயில் காலத்தில் ஏசியே வேண்டாத இடம். எங்கள் டெமோ சர்வர் விழுந்தது. எங்கள் கருவி கடமை தவறாமல் அலர்ட் அனுப்பியது. ஆனால் அந்தச் சுவர்களின் கனத்துக்கு உள்கட்டில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. காலையில் வளவுக்கு வந்து நின்றதும் மூன்று போனும் சேர்ந்து அடித்தது இன்னும் காதில் இருக்கிறது. கவனிக்கப்படாத அலர்ட் தானாக அடுத்த ஆளுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தோம், போயும் இருக்கிறது. அடுத்த ஆளும் அதே தரையில்தான் படுத்திருந்தான்.

அதை விடுங்கள், சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவது வாரம் வந்த மெயில்தான் தைத்தது. ஒருவர் இலவசப் பதிப்பை நிறுவியிருக்கிறார். அவருடைய புரொமீதியஸ் ஓடிய சர்வரில் டிஸ்க் நிறைந்து அதுவே நின்றுபோனது. கண்காணிக்கிறவனே படுத்துவிட்டால் அலர்ட் எங்கிருந்து வரும்? எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கிறது, அவரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இதற்கு ஒரு பழைய வழி உண்டு: எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும்படி ஒரு அலர்ட்டை வைத்துவிட்டு, அது நின்றால் கூப்பிடுவது. எங்களிடமும் அந்த வசதி இருந்தது, கட்டணப் பக்கத்தில். அவர் கோபப்படவே இல்லை. “உங்களிடம் இது இருப்பதை விலைப் பட்டியலில் பார்த்தேன், நல்ல யோசனை” என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு காவல்காரர் உண்டு, அறுபதைத் தாண்டியவர். வீட்டு ஆச்சி சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார். அன்று சாயங்காலம் நல்ல மழை, இரண்டாங்கட்டில் ஓடு விலகித் தண்ணீர் சொட்டியது. காவல்கார அண்ணன் அண்டாவை இழுத்து அடியில் வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

“ஆச்சிக்குச் சொல்லலையாண்ணே?”

“இங்க பத்துன்னா அங்க பன்னெண்டரை தம்பி. எழுப்பி என்ன செய்ய, அவுக வந்து ஓடு மாத்தவா போறாக? காலைல சொல்லிக்கலாம்.”

“திருடன் வந்தா?”

“அதுக்கு எழுப்பாம இருப்பனா.”

அப்புறம் போனைத் திறந்து காட்டினார். ஆச்சியோடு இருந்த வாட்ஸ்அப்பில் தினமும் ஒரே வரி, ஆறரை மணிக்கு: விளக்கு வச்சாச்சு. மேலே தள்ளத் தள்ள அதே வரி, மாதக்கணக்கில், ஒரு பதிலும் இல்லை. “ஏழுக்குள்ள இது போகலைன்னா ஆச்சியே அடிச்சுருவாக” என்றார். நாங்கள் மாதத்துக்கு இவ்வளவு டாலர் என்று விலை போட்டிருந்த வசதி அதே வீட்டில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ரிலீஸில் அதை இலவசப் பக்கம் கொண்டுவந்தோம். நண்பனுக்குப் பயம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எதை விற்பது என்று. நியாயமான பயம்தான், வங்கிக் கணக்கு அப்படி. ஆனால் யோசித்துப் பார்த்தால் ராத்திரி எழும்புகிற இன்ஜினியர் கையில் பர்ஸ் இல்லை. பர்ஸ் வைத்திருப்பவர் கேட்பது வேறு: கம்பெனி லாகினிலேயே எல்லோரும் உள்ளே வர வேண்டும், யார் எந்த அலர்ட்டை எப்போது அமுக்கினார்கள் என்று ஆடிட்டருக்குக் காட்ட வேண்டும், எந்த டீமுக்கு எது தெரியலாம் என்று பிரிக்க வேண்டும். சிறிய டீமுக்கு இதில் எதுவும் அவசரமில்லை. லாகினுக்குக் காசு வாங்குவதும் பாதுகாப்புக்குக் காசு வாங்குவதுதான் என்று திட்டுகிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால் சாதாரண கூகுள் லாகினை இலவசமாகவே வைத்துக்கொண்டோம். முதலில் காசு கொடுத்த கம்பெனி அரை மணி நேரம் பேசியது முழுக்க ஆடிட் பற்றித்தான். நாங்கள் பெருமையாக நினைத்த கைரேகை சமாச்சாரத்தை அவர்கள் கேட்கவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் குன்றக்குடி போனார். “ஆறரைக்கு முகப்பு லைட்டப் போட்டுட்டு ஆச்சிக்கு ஒரு வரி அனுப்பிருங்க தம்பி” என்று சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் நிரலில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஏழு மணி, ஒரு நிமிஷம். சிங்கப்பூர் நம்பர்.

“ஏன் தம்பி, விளக்கு வைக்கலையா?”

ஓடிப்போய் லைட்டைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். மேலே வந்து பார்த்தால், இன்று என் முறையை இன்னொருவர் பார்ப்பார் என்று மாற்றிக்கொடுத்து, அந்த ஆளுக்கும் நினைவூட்டுகிற வசதி எங்கள் விலைப் பட்டியலில் கட்டணப் பக்கத்தில் இருந்தது. அன்று ராத்திரியே அதையும் இந்தப் பக்கம் மாற்றினேன். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை.