பக்கிளிலிருந்து நடு ஓட்டை வரை

ஜூன் 2

நாய்களுக்குத் தோல் காலர், அதாவது கழுத்துப்பட்டை, தைப்பது என் வேலை. காலையிலேயே ஒரு செய்தி. "அண்ணா, கழுத்து 16. கருப்புத் தோல், பித்தளை பக்கிள். சீக்கிரம் வேணும்." அவ்வளவுதான். 16 என்றால் இஞ்சாகத்தான் இருக்கும், சென்டிமீட்டர் என்றால் கைக்குள் அடங்குகிற குட்டியாக இருக்க வேண்டும். ஆனால் எந்த 16? கழுத்தை ஒட்டிப் பிடித்த அளவா, விரல் விட்டுப் பிடித்ததா, பழைய காலரைத் தரையில் நீட்டி நுனிக்கு நுனி அளந்ததா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால் அந்த நாயின் கழுத்து பத்து, பதினொரு இஞ்சுக்கு மேல் போகாது. ஏனென்றால் பக்கிள் ஒரு இஞ்சைத் தின்றுவிடும், நடு ஓட்டைக்கு அப்பால் இருக்கிற வால் இன்னும் நாலைந்து இஞ்சைத் தின்றுவிடும். எங்கிருந்து எங்கே என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு நான் கத்தியை எடுப்பதில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 4

பதில் வந்தது, கூடவே படமும். ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப்பை நாயின் கழுத்தில் சுற்றப் பார்த்திருக்கிறார். அது வளையாமல் பக்கத்துக்குப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது, நாய் வேறு என்னடா இது என்று திரும்பிப் பார்க்கிறது. தையல்காரர் டேப் இல்லையென்றால் ஒரு சணல் கயிறு போதும். சுற்றி, சேருமிடத்தில் கிள்ளிப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் ஆயிற்று. இழுத்தால் நீள்கிற கம்பளி நூல், எலாஸ்டிக் மட்டும் வேண்டாம்.

நாய் நிற்க வேண்டும், தலை சாதாரணமாக இருக்க வேண்டும். தட்டில் முகம் புதைத்திருக்கும்போது அளந்தால் ஒரு எண், உட்கார்ந்து கழுத்துச் சதை மடிந்திருக்கும்போது அளந்தால் இன்னொரு எண். அப்புறம் இடம். காதுக்குப் பின்னால் அளப்பதும் தோளுக்கு மேலே அளப்பதும் ஒன்றல்ல, பெரிய நாய்க்கு இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். காலர் போய் உட்காரும் இடம் எதுவோ அங்கேதான் டேப்பை வைக்க வேண்டும்.

இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சிக்கலே அங்கேதான். வீட்டில் இருப்பவர் இரண்டு விரலுக்காக ஒன்றிரண்டு இஞ்ச் கூட்டி அனுப்புகிறார், அதைக் கழுத்தளவு என்று நினைத்து வெட்டுகிறவரும் தன் பங்குக்குக் கூட்டுகிறார். கடைசியில் காலர் காது வழியாகக் கழன்று வருகிறது. அதனால் என் பேச்சு ஒன்றுதான்: நீங்கள் எதையும் கூட்ட வேண்டாம், ஒட்டிப் பிடித்த அளவை அனுப்புங்கள், கூட்டுவது என் வேலை. பொடி நாய்க்கு இரண்டு விரல் அதிகம், ஒரு விரலே போதும்.

ஜூன் 7

தடிமனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தட்டையாகக் கிடக்கும் வாரை வட்டமாக வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் நெருங்கும், நடுவில் இருக்கிற பகுதி மட்டும்தான் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். நாயின் கழுத்தைத் தொடுவது உள்பக்கம். ஆகவே உள்சுற்று என்பது தட்டையாக அளந்த நீளத்தில் பை (π, 3.14) பெருக்கல் தடிமனைக் கழித்தால் வருவது. 4 மி.மீ. தோலுக்கு 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதற்கு 2 மி.மீ. உட்தோல் வைத்துத் தைத்தால் 19. பஞ்சு வைத்து 8 மி.மீ. ஆக்கினால் 25, அதாவது முழுசாக ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் உள்ள தூரம்.

பழைய மெல்லிய நைலான் காலரை அளந்து அதே நீளத்தில் தடித்த தோல் காலர் வாங்கினவர்கள் "அளவு சரியாத்தான் கொடுத்தேன், ஆனா இறுக்குது" என்று சொல்வது இதனால்தான். அவர்கள் அளந்ததும் சரி, தைத்தவர் வெட்டியதும் சரி, தடிமனைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முடிந்த காலரை நடு ஓட்டையில் மாட்டி, உள்ளே டேப்பை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்த எண்தான் அந்தக் காலரின் அளவு.

(உட்தோலை வளைத்துப் பிடித்துத்தான் ஒட்டுகிறேன். மேசையில் தட்டையாக ஒட்டினால் மாட்டும்போது உள்ளே சுருக்கம் சுருக்கமாக விழுந்து முடியைக் கடிக்கும்.)

ஜூன் 9

பக்கிள்கள் வந்தன. 25 மி.மீ. என்றால் உள் அகலம் 25. ஒரு இஞ்ச் என்று வார் வெட்டினால் 25.4, அந்த 0.4 போதும் ஓரம் உரசித் தேய. 24.5 வெட்டி ஓரத்தை உருட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஜூன் 12

ஒரு கிரேஹவுண்டுக்கு ஆர்டர். "நாலு அடி பின்னால போனாலே கழன்றுடுதுங்க, எத்தனை காலர் மாத்திட்டேன்" என்று அந்த அம்மா சொன்னார். கழலத்தான் செய்யும், இந்த இனத்துக்குத் தலையை விடக் கழுத்துதான் பெரிது. சாதாரணக் காலரை அது கழலாத அளவுக்கு இறுக்கினால் மூச்சு முட்டும், மூச்சு விடுகிற அளவுக்குத் தளர்த்தினால் கழலும்.

இதற்கு மார்ட்டிங்கேல்தான். பெரிய வளையம் ஒன்று, அதை இழுக்கும் சின்ன வளையம் ஒன்று. இரண்டு அளவு கேட்டேன்: காதுக்குச் சற்றுப் பின்னால் கழுத்து, அப்புறம் தலையின் மிக அகலமான சுற்று. முழுசாகத் திறந்தால் தலை நுழைய வேண்டும், முழுசாக இழுபட்டால் கழுத்தளவில் நிற்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. இழுபட்ட நிலையில் பெரிய வளையத்தின் இரு நுனியிலும் இருக்கிற உலோக வளையங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் காலர் பெரிது என்று பொருள். நடுவில் விரலளவு இடைவெளி மிஞ்ச வேண்டும்.

அகலம் 40 மி.மீ. வைக்கப்போகிறேன். நீளமான கழுத்து, முடியும் குறைவு, ஒல்லியான வார் ஒரே இடத்தில் வெட்டும். மற்ற நாய்களுக்கு இவ்வளவு தேவையில்லை. சின்னதுக்கு 12 முதல் 16, நடுத்தரத்துக்கு 20 முதல் 25, பெரியதுக்கு 25 முதல் 38 வரை போகலாம். "கெத்தா இருக்கும்" என்று சின்ன நாய்க்கு அகலமாகக் கேட்பவர்களிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்தக் கெத்தை நாய்தான் நாள் முழுக்கத் தாடையில் இடித்துக்கொண்டு சுமக்க வேண்டும்.

ஜூன் 15

அடர்த்தியான முடி உள்ள நாய். டேப்பை முடி மேலேயே போட்டால் ஒரு கதை, முடியை விலக்கி உள்ளே விட்டால் வேறு கதை. முடியை விலக்கித் தோலுக்கு அருகில் பிடிக்கச் சொன்னேன், அப்புறம் முடி அமுங்கி உட்கார இடம் நான் விடுவேன். உருட்டித் தைத்த காலர் கேட்டிருக்கிறார்கள், நீளமுடிக்கு நல்ல யோசனைதான், சிக்கு குறைவாக விழும். ஆனால் 10 மி.மீ. உருட்டு என்றால் தடிமன் கணக்கில் 31 மி.மீ. காணாமல் போகும். உருட்டுக் காலருக்கு உள்சுற்று தவிர வேறு அளவு பேசவே கூடாது.

ஜூன் 18

ஐந்து மாத ஷெப்பர்டு குட்டிக்குத் தோல் காலர் வேண்டுமாம். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை ஒரு இஞ்ச் என்றால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இஞ்ச்தான் இடம். பெரிய இனங்கள் ஒன்றரை வயது வரைக்கும் பருத்துக்கொண்டே போகும். அதுவரை நைலான் போடட்டும்.

ஜூன் 21

அந்த 16-ன் கதை முடிந்தது. பழைய காலரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உள்பக்கத்தில் 16 என்று அச்சு. விற்றவர்கள் போட்ட எண், நாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உண்மையான அளவு அந்தப் படத்திலேயே இருந்தது. ஐந்து ஓட்டைகளில் இரண்டாவது மட்டும் முட்டை வடிவத்தில் நீண்டு, ஓரம் கறுத்து, பக்கிளின் குறுக்குக் கம்பி அழுத்திய கோடு பக்கத்திலேயே பதிந்திருந்தது. மற்ற ஓட்டைகள் புதுசு போல வட்டமாக இருந்தன. பக்கிளின் முள் மாட்டியிருக்கும் கம்பியிலிருந்து அந்த நீண்ட ஓட்டை வரைக்கும் அளக்கச் சொன்னேன்: 37 செ.மீ. நாயைப் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை, விரல் சேர்ந்ததா சேரவில்லையா என்ற கேள்வியும் இல்லை. பழைய காலர் இருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பழையது 2.5 மி.மீ. ஒற்றைத் தோல், புதியது உட்தோலோடு 6. வித்தியாசத்துக்கு 11 மி.மீ., ஆக 38 என்று வைத்தேன். பக்கிள் மடிப்புக்கு 7, நடு ஓட்டைக்கு அப்பால் இரண்டு ஓட்டைக்கு 5, நுனிக்கு 7. மொத்தம் 57 செ.மீ. முதுகுப் பக்கத் தோலில் நீளவாக்கில் வெட்டினேன், வயிற்றுப் பக்கத்தில் வெட்டினால் நனைந்து காய்ந்து இழுபட்டு அளவெல்லாம் மாறிவிடும்.

ஜூன் 24

காலர் போய்ச் சேர்ந்தது, முள் நடு ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "இடையில இன்னொரு ஓட்டை போட்டுக்கலாமா அண்ணா, குளிச்சதும் கொஞ்சம் லூசா தெரியுது." போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். நனைந்த முடி படிந்துவிடுவதால் அப்படித் தெரியும், காய்ந்ததும் பார்க்கட்டும். புதுத் தோலும் முதல் சில வாரம் கொஞ்சம் இளகும். அதற்குப் பிறகும் லூசாக இருந்தால் சரிபாதியில் ஒரு ஓட்டை போடலாம், 5 மி.மீ. துளைக்கு இரண்டு பக்கமும் 7 மி.மீ.க்கு மேல் தோல் மிஞ்சும், தாங்கும். ஆணியைச் சூடு பண்ணிக் குத்த வேண்டாம் என்று தனியாகச் சொன்னேன். சுட்ட ஓரம் மொறுமொறுவென்று ஆகி அங்கேயிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும்.