கற்சிலைமடுவில் ஒரு பெயர்

மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுத் திரும்பி, பாலையும் வீரையும் அடர்ந்த காட்டோரமாக ஒட்டுசுட்டானுக்கு வந்து, அங்கிருந்து கற்சிலைமடுவுக்குப் போனோம். 1803 ஒக்டோபர் 31 இல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியனை இங்கே தோற்கடித்தான் என்று சொல்லும் கல்லைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தேன்.

ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். ஆகவே வவுனியாவில் சிலையாக நிற்கும் வன்னியனின் முகம் சிற்பியின் மனத்தில் பிறந்ததுதான். ஆனாலும் வென்றவர்களின் கல்லில் தோற்றவனுடைய பெயர் இருக்கிறது. அண்மைக்காலமாக நான் தேடிப் பார்த்துவரும் பழைய மானிடவியல் படங்கள் பலவற்றில் அதுகூட இல்லை.

1869 இல் ஆங்கில உயிரியலாளர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, பிரித்தானியப் பேரரசின் இனங்களையெல்லாம் ஒரே முறையில் படமெடுக்கத் திட்டம் வகுத்தார். ஆடையின்றி, அளவுகோலுக்கு அருகில், நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுக்கவேண்டும் என்பது அவர் குடியேற்ற நாடுகளுக்குக் கேட்டனுப்பிய விதி. அதே ஆண்டில் ஜோன் லாம்ப்ரி, பட்டுநூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டிய சட்டம் ஒன்றின் முன்னால் உடலை நிறுத்தும் வழியை வெளியிட்டார். எந்த நாட்டில் எடுத்த உடலையும் இன்னொன்றோடு ஒப்பிட்டு அளக்க அந்தக் கட்டங்கள் உதவின. அக்காலக் கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்கவேண்டும். ஒளி பதியும் வினாடிகள் முழுவதும் எதிரில் நிற்பவர் அசையக்கூடாது. அப்படி அசையாமல் நின்ற மனிதரை ‘மாதிரி’ என்று குறித்தார்கள். இந்தச் சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்தியாவின் மக்கள்’ நூலும் சாதியையும் குலத்தையும் தலைப்பாக்கியே முகங்களை அடுக்கியது.

மதியம் ஒட்டுசுட்டானில் நண்பரின் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டோம். 2009 இல், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகலைக் கடந்தபோது குடும்பப் படங்கள் இருந்த பை தவறிவிட்டதாம். மிஞ்சியது முகாமில் எடுத்த ஒன்று மட்டும்: இலக்கம் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறார். அதை நீட்டிக் காட்டிவிட்டு, என் கமராவைப் பார்த்தார்.

“ஒண்டு எடுக்கிறியளே தம்பி? பொறுங்கோ, சீலை மாத்திப்போட்டு வாறன்.”

தலை வாரி, பொட்டு வைத்து, மாமர நிழலில் தானே இடம் பார்த்து அமர்ந்தார். படத்தைக் கழுவி அனுப்பும்போது பின்பக்கத்தில் எழுதவேண்டியதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: தன் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர். நான் எழுதியதை வாங்கி வாசித்துப் பார்த்து, ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினார்.