காம்லூப்ஸ் நாட்குறிப்பு: காகிதத்தில் ஏறும் வருமானம்

பிப்ரவரி 11, 2024

இன்று லீவு. கனடாவில் நிரந்தரமாகத் தங்க மாகாணம் நம் பெயரைப் பரிந்துரைக்கும் பி.என்.பி. (மாகாண நாமினித் திட்டம்) வழிகாட்டியை ஒருவழியாக முழுசாகப் படித்து முடித்தேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு சுருக்கம்: நான் இங்கே காம்லூப்ஸில் இரண்டு வருட டிப்ளமோ முடித்தேன், இப்போது மூன்று வருட ஒர்க் பர்மிட்டில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. என் வீட்டுக்காரருக்கு என் பர்மிட்டை வைத்துக் கிடைத்த ஓபன் பர்மிட், யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். பாப்பா எங்களோடு இருக்கிறாள், பையன்கள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் அம்மாவிடம். எங்கள் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் நாமினி திட்டத்தில் எனக்குப் பொருந்துவது சுற்றுலா, ஹோட்டல், உணவுப் பதப்படுத்தல் மாதிரி துறைகளில் கீழ்மட்ட வேலை பார்ப்பவர்களுக்கு வைத்திருக்கும் பிரிவு. அதே முதலாளியிடம் தொடர்ந்து ஒன்பது மாதம் முழுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நான்காம் நிலை போதும். அதெல்லாம் சரி, இருக்கிறது.

இடிப்பது குடும்ப வருமானம்தான். எத்தனை பேர் குடும்பம், வசிப்பது மெட்ரோ வான்கூவருக்குள்ளா வெளியிலா, இந்த இரண்டை வைத்து ஒரு குறைந்தபட்ச ஆண்டு வருமானம் சொல்கிறார்கள். தொகையை இங்கே எழுதவில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும், அவரவர் விண்ணப்பிக்கும்போது இருக்கிற அட்டவணையைப் பாருங்கள். பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) பையன்களையும் சேர்த்துத்தான் போடப்போகிறோம், ஆகவே நாங்கள் ஐந்து பேர்.

எனக்கு மணிக்கு 19.50 டாலர். 40 மணி நேரம், 52 வாரம் என்று பெருக்கினால் 40,560. ஐந்து பேர் வரிசைக்கு அது எட்டவில்லை. அதுவும் எனக்கு 40 மணி நேரம் எழுதித் தருவார்கள் என்று நினைத்தால்தான்.

பிப்ரவரி 28

முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை தரும் சம்பளக் கணக்குத் தாள், டி4, வந்துவிட்டது. போன வருஷம் கோடையில் பார்த்த ஓவர்டைம் எல்லாம் சேர்ந்து தொகை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பி.என்.பி. கணக்கில் ஓவர்டைம் கிடையாது, டிப்ஸ் கிடையாது, போனஸ் கிடையாது, ஹோட்டல் சலுகை வாடகைக்கு அறை கொடுத்தால் அதுவும் கிடையாது. உறுதியாகக் கொடுப்பதாக முதலாளி எழுதித் தரும் சம்பளம் மட்டும்தான்.

இந்த மாதம் பனி, ரூம்கள் காலி. எனக்கு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள். முழுநேரம் என்றால் வருஷம் முழுக்கச் சராசரி 30 மணி நேரம் வர வேண்டும். கோடையில் கூடுதலாகப் பார்ப்பதால் சராசரி தப்பித்துவிடும், இருந்தாலும் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) 28 என்று பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

மார்ச் 17

மேனேஜரிடம் வேலைக் கடிதம் கேட்டேன். நல்ல மனுஷிதான். "வாரத்துக்கு 30 முதல் 40 மணி நேரம்" என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார், அதை வாங்கிப் பார்த்ததும் எனக்கு முகம் செத்துவிட்டது. "முதல்" என்று போட்டால் உறுதியாக நிற்பது 30 மட்டும்தான், அதாவது 30,420. பத்து மணி நேரத்தில் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் போய்விடுகிறது. 40 என்று எழுதுங்கள் என்றேன். எழுதினால் ஜனவரியிலும் கொடுக்க வேண்டும், ஓனர் கையெழுத்துப் போட மாட்டார் என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

இரண்டு வாரம் இழுத்து, கடைசியில் 35-க்கு ஒத்துக்கொண்டார்கள். பெருக்கினால் 35,490. ஓனருக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு: அவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், தன் கம்பெனி ஒரு வருஷமாவது நடந்திருப்பதையும், காம்லூப்ஸ் மாதிரி ஊர் என்பதால் முழுநேர ஆட்கள் மூன்று பேராவது இருப்பதையும் காட்ட வேண்டும் (வான்கூவர் பக்கம் என்றால் ஐந்து பேர்). "என் கணக்குவழக்கை அரசாங்கம் எதற்குப் பார்க்க வேண்டும்" என்று கேட்டாராம். பார்க்கத்தானே செய்யும்.

ஏப்ரல் 6

மீதியை என் வீட்டுக்காரர் சம்பளத்தால்தான் நிரப்ப வேண்டும். கணவன் அல்லது மனைவி இங்கேயே வசித்து, சட்டப்படி வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்தையும் குடும்ப வருமானத்தில் சேர்க்கலாம். அங்கேதான் வீட்டில் சண்டை.

அவர் இப்போது சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறார். வெள்ளி, சனி ராத்திரியில் நன்றாகவே வருகிறது. பாப்பாவை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வரவும் அந்த வேலைதான் தோது. ஆனால் அதற்கு முதலாளி கடிதம் யார் கொடுப்பார்? ஆர்டர் அனுப்பும் மொபைல் ஆப்பா கொடுக்கும்? இத்தனை மணி நேரம், இத்தனை டாலர், இது நிரந்தர வேலை என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் கிடையாது. அதனால் ஒரு வேர்ஹவுஸில் முழுநேர வேலைக்குப் போங்கள் என்றேன், மணிக்கு 20 டாலர், 40 மணி நேரம், ராத்திரி ஷிஃப்ட்.

"இப்ப கையில வர்றதே அதைவிட ஜாஸ்தி, தெரியுமில்ல?"

தெரியும். நல்ல மாதங்களில் ஜாஸ்திதான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போய்த் தோசைக்கு மாவைக் கலக்கினார். ராத்திரி அம்மா போனில் பையன்களைக் காட்டினாள். பெரியவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அவராகவே வேர்ஹவுஸ் விண்ணப்பத்தைத் திறந்தார்.

மே 5

அவருக்கு வேர்ஹவுஸ் வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு அவர் உள்ளே வருகிறார், நான் வெளியே போகிறேன், பாப்பாவை வாசலில் வைத்துக் கைமாற்றுகிறோம். 20 டாலருக்கு 41,600. என்னுடையதோடு சேர்த்தால் 77,090, அட்டவணைக்குத் தாராளமாகப் போதும். முதல் பே ஸ்டப் வந்ததும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன். அவர் பர்மிட் நகல், கடிதம், பே ஸ்டப், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கம் என்று அவருக்குத் தனி உறை. கல்யாண ஜாதகம் பார்க்கும்போதுகூட இவ்வளவு காகிதம் கேட்கவில்லை.

மே 19

சர்ரேயில் இருக்கும் சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அக்கா, அந்தக் காட்டுல ஏன் கிடக்கிறீங்க, இங்க வாங்க, 21 டாலருக்கு வேலை நான் வாங்கித் தர்றேன்." பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் சர்ரே மெட்ரோ வான்கூவருக்குள் வருகிறது, வருமான வரம்பு அங்கே அதிகம். பி.என்.பி.யில் புள்ளி போட்டுத்தான் ஆளை அழைக்கிறார்கள், காம்லூப்ஸுக்குக் கிடைக்கும் 15 புள்ளி அங்கே பூஜ்யம். இங்கே வெளியூரில் ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கு இன்னொரு 10 உண்டு. சம்பளத்துக்கோ மணிக்கு 16 டாலரில் தொடங்கி டாலருக்கு ஒரு புள்ளி. என் 19.50-க்கு 4, அவன் சொல்லும் 21-க்கு 6. இரண்டு புள்ளி ஏறும், 15 புள்ளி போகும், அதற்கு மேல் புது முதலாளியிடம் ஒன்பது மாதம் மறுபடி முதலிலிருந்து. அவனுக்கு இதையெல்லாம் சொன்னேன், "என்னக்கா, சீட்டுக் கம்பெனி மாதிரி கணக்குப் போடறீங்க" என்று சிரித்தான்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மெட்ரோ வான்கூவர் தவிர மற்ற எல்லா ஊரும் இந்த அட்டவணைக்கு ஒரே ஊர். விக்டோரியாவில், கெலோனாவில் வாடகை கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வடக்கே ஃபோர்ட் செயின்ட் ஜானில் இருப்பவருக்கும் அவர்களுக்கும் ஒரே வரம்பு. வரம்பு குறைவாக இருப்பது விண்ணப்பிக்கிறவருக்கு நல்லதுதான், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்பது வேறு கதை.

ஜூன் 3

மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி முதல் தேதியிலிருந்து 16.75-லிருந்து 17.40 ஆகிவிட்டது. நேற்று சேர்ந்த பெண்ணுக்கும் எனக்கும் இடைவெளி இரண்டு டாலர்தான் என்று மேனேஜரிடம் சொல்லி 20.50 கேட்டேன். "கோடை முடியட்டும்." சரி.

ஜூலை 21

பி.என்.பி.யில் பதிவு பண்ணி ஒரு வாரம் ஆகிறது. அழைப்பு வருகிற வரை காத்திருக்க வேண்டும், வந்தால் 30 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அழைப்புகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை விடுகிறார்கள் என்பதால் செவ்வாய் என்றாலே போனைக் கீழே வைக்க முடியவில்லை.

ஊர் முழுக்கப் புகை. ஆஷ்க்ராஃப்ட் பக்கம் ஷெட்லண்ட் க்ரீக் தீ பிடித்து எரிகிறது, வீட்டை விட்டு வந்தவர்கள் நாய், பூனை, குதிரைக்கான கயிறு வரைக்கும் தூக்கிக்கொண்டு ரிசப்ஷனில் நிற்கிறார்கள். ஒரு தாத்தா ரூம் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டில் தோட்டத்துக் குழாயை மூடினேனா என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல. இந்த வாரம் கிட்டத்தட்ட 60 மணி நேரம் வேலை. பே ஸ்டப் பெரிதாக வரும், அரசாங்கத்துக்கு அதில் 35 மணி நேரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 24

அழைப்பு வந்துவிட்டது! முழு விவரம் பிறகு. இப்போது அவருடைய வேர்ஹவுஸ் கடிதத்துக்காக அலைகிறோம், கொடுத்த கடிதத்தில் மணிக்கூலி இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது இல்லை. அது இல்லாமல் எதைப் பெருக்குவது? அந்த ஆபீஸ் வேறு ஊரில், மெயில் போட்டால் பதில் இல்லை. சூப்பர்வைசர் ஒரு பஞ்சாபி அண்ணன், அவரே இந்த வழியாக வந்தவர், "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 8

புதுக் கடிதம் வந்தது, 40 மணி நேரம், நிரந்தரம், கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் உண்டு. விண்ணப்பம் போய்விட்டது. எனக்கும் 20.50 கிடைத்தது, மேனேஜர் வாக்குத் தவறவில்லை.

அக்டோபர் 27

மூன்று நாளாகத் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் ஒரே புலம்பல். 24-ஆம் தேதி மத்திய அரசு அடுத்த ஆண்டுகளுக்கான குடியேற்ற எண்ணிக்கையை அறிவித்தது. மாகாண நாமினிக்கு 2024-இல் 1,10,000 என்று இருந்தது, 2025-க்கு 55,000, சரிபாதி. எங்கள் ஃபைல் உள்ளே இருக்கிறது என்று நாங்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். எனக்குப் பின்னால் படித்து முடித்த பெண்கள் நாலைந்து பேர் இன்னும் ஒன்பது மாதம்கூட முடிக்கவில்லை. அவர்களிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை, கடிதத்தில் மணி நேரத்தை ஒரே எண்ணாக எழுதி வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இதற்கு நடுவில் பி.என்.பி. அதிகாரி என் வீட்டுக்காரருடைய கடைசி மூன்று மாத பே ஸ்டப்பைக் கேட்டு எழுதினார். என்னுடையதைக் கேட்கவில்லை. அனுப்பிவிட்டோம்.

டிசம்பர் 1

நாமினேஷன் வந்தாயிற்று. அம்மாவிடம் சொன்னபோது "அப்ப பையனுங்களை எப்ப அனுப்பணும்?" என்று கேட்டாள், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. இன்னும் நாள் இருக்கிறதும்மா என்றேன்.

அடுத்து மத்திய அரசு விண்ணப்பம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,525 டாலர், பிள்ளைகளுக்குத் தலா 260. எங்கள் ஐந்து பேருக்கு 3,830, அதற்கு மேல் மெடிக்கல், போலீஸ் சான்றிதழ், சின்னவன் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும்.

அவர் வேர்ஹவுஸை விட்டுவிட்டு டெலிவரிக்கே போகட்டுமா என்று கேட்கிறார், ராத்திரி ஷிஃப்ட் உடம்புக்கு ஆகவில்லை, இடுப்பு வலி. பி.ஆர். கையில் வருகிற வரை வேண்டாம் என்கிறேன். மாகாணம் எந்த வருமானத்தைப் பார்த்து நாமினேஷன் கொடுத்ததோ அதில் பாதிக்கு மேல் அவருடைய 41,600. பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தருவார்களா என்று அந்தப் பஞ்சாபி அண்ணனிடம் நாளைக்குக் கேட்கப்போகிறார்.