ஒன்பதால் வகுத்துப் பார்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் மூன்று நாள் ஒரு பொய்யோடு அலைந்தேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. "முடிஞ்சிருச்சா?" என்று எங்கள் மூத்த கணக்காளர் கேட்டால் "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு மேடம்" என்பேன். அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலை. எல்லாக் கணக்குகளும் இருக்கும் பெரிய புத்தகமான பேரேட்டை அப்போது கையால்தான் எழுதுவோம். மாதக் கடைசியில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எடுத்து, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று போட்டு இருப்பாய்வு தயாரிக்க வேண்டும். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக நிற்க வேண்டும். எனக்கு 5,400 வித்தியாசம் இடித்தது. திரும்பக் கூட்டினேன். கீழிருந்து மேலாகக் கூட்டினேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு தடவை, சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு இன்னொரு தடவை. அதே 5,400.

மூன்றாம் நாள் அந்த மூத்த கணக்காளர் என் மேசைக்கே வந்துவிட்டார். "எவ்வளவு இடிக்குது?" சொன்னேன். மனதுக்குள்ளேயே வகுத்தார். "ஒன்பதால வகுத்தா 600, மீதியில்ல. அப்போ எண் இடம் மாறியிருக்கும். ஆயிரமும் நூறும் மாறியிருக்கான்னு பாரு. ரெண்டுக்கும் நடுவுல ஆறு வித்தியாசம் இருக்கும்." ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. 8,260 என்று இருந்ததை நான் 2,860 என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழைய வித்தை. எனக்குத்தான் தெரியாது.

திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். "எண்ணை மாத்தி எழுதுறது எல்லாருக்கும் வர்றதுதான் தம்பி. மூணு நாளா 'கிட்டத்தட்ட'ன்னு சொன்னியே, அதை எதால வகுக்கிறது?"

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஏதாவது அறிவுரை சொல்லுங்கள் என்று கேட்கும்போது, எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் தொழிலிலேயே தெரியாததற்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. அதற்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். ஒரு தொகை எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லையா, தற்காலிகமாக அந்தத் தலைப்பின் கீழ் எழுதிவை. எல்லோர் கண்ணிலும் படும். பிறகு கண்டுபிடித்து உரிய இடத்துக்கு மாற்று. பேரேட்டுக்கு இருக்கிற இந்த வசதியை மனிதர்கள்தான் தங்களுக்கு வைத்துக்கொள்வதில்லை.

முதல் ஆறு மாதம் எதையும் கேட்கலாம். "இந்தச் சுருக்கெழுத்துக்கு என்ன அர்த்தம்?", "இதில் ஏன் இரண்டு கையெழுத்து?" என்று கேட்டால் புதுசு என்று நினைத்துச் சொல்லித் தருவார்கள். மூன்றாவது வருடத்தில் அதையே கேட்டால் பார்வை வேறு மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த ஆறு மாதத்தில்தான் வாயை மூடிக்கொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டியவன்தான்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரம் நீயே முட்டிப் பார். அப்புறம் போ. போகும்போது "வரவில்லை" என்று மட்டும் சொல்லாதே. இதுவரை என்ன செய்து பார்த்தாய், எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று சொல். எதிரில் இருப்பவர் பாதி வழியிலிருந்து தொடங்கலாம். அப்படி வருகிற கேள்விக்கு யாரும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எங்கே சொல்கிறோம் என்பதும் முக்கியம். 1999 செப்டம்பரில் நாசா அனுப்பிய ஒரு செவ்வாய்க் கலம், கிரகத்தை நெருங்கிய நேரத்தில் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவில் கொடுக்க, அடுத்த குழு அதை நியூட்டன் என்ற வேறு அளவு என்று எடுத்துக்கொண்டது. அளவு மாறிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உறைத்தது வேறு. பாதையில் ஏதோ சரியில்லை என்று சிலர் முன்பே கவனித்திருக்கிறார்கள். தங்களுக்குள் பேசியும் இருக்கிறார்கள். முறையாகப் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் பதிவு செய்யவில்லை. வராந்தாவில் சொன்ன சந்தேகம் சொல்லாத சந்தேகத்துக்குச் சமம்தான்.

உண்மையைச் சொன்னால் திட்டுவார்களே என்று கேட்பீர்கள். சரி, சில இடங்களில் திட்டுவார்கள். என் இரண்டாவது வேலையில் அப்படி ஒரு மேலாளர் இருந்தார். தவறை ஒப்புக்கொண்டவரைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துப் பேசுவார். அதனால் அந்தப் பிரிவில் தவறே நடக்காத மாதிரி இருக்கும், ஆண்டுத் தணிக்கை வரும் வரை. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்குகிற குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று பார்த்தால், அங்கேதான் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அதைப் படித்தபோது அந்த மேலாளரின் சுத்தமான அறிக்கைகள்தான் ஞாபகம் வந்தன. அங்கே நான் கற்றது, சொல்வதை மின்னஞ்சலில் எழுதிச் சொல்ல. அப்புறம் வேறு வேலை தேட. அந்த மாதிரி இடத்தில் தியாகம் செய்து காத்திருக்கச் சொல்லி யார் அறிவுரை சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் கணக்கன் வாய் மூடாது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை ஏறத்தாழ எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். சேமிப்புக்கு இதைச் சொன்னால் எல்லோரும் உற்சாகமாகக் கேட்பார்கள். அதே வாய்ப்பாடு கடனுக்கும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு பையனுக்குக் கடன் அட்டையில் பாக்கி, மாதம் 3 சதவீதம் வட்டி. 72ஐ 3ஆல் வகுத்தால் 24 மாதம். கட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் இரட்டிப்பு. வட்டி அவனுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் சொல்லக் கூச்சம். வங்கியில் பேசி தவணையாக மாற்ற முடியுமா என்று கேட்கக் கூச்சம். ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் வந்தான். முதல் மாதமே வந்திருந்தால் அவனுடைய இரண்டு சம்பளத்தில் முடிந்திருக்கும். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வங்கி அறிக்கையையும் எங்கள் பதிவையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வேலை. "சார், 1,350 இடிக்குது. அரை மணி நேரமா பார்த்துட்டேன்." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒன்பதால் வகுத்தேன், 150, மீதியில்லை. என் பழைய வித்தையை இறக்கினேன். எண் இடம் மாறியிருக்கும், தேடு என்றேன். இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மட்டும் மாறினால் 1,350 வரவே வராது. "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "சார், பாதியாக்கிப் பார்க்கலாமா? கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தா ரெண்டு மடங்கு இடிக்குமே."

675 என்று தேடினாள். வங்கி பிடித்த கட்டணம், கழித்தலுக்குப் பதில் கூட்டலில் இருந்தது. அந்தப் பதிவைப் போட்டது நான்தான்.