இருபது நிமிடத்தில் குழந்தைகளுக்கு மீன் பாஸ்தா

இரண்டு குழந்தைகளுக்கு 120 கிராம் பாஸ்தா, 150 கிராம் சால்மன், 150 மில்லி பால், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, 30 கிராம் துருவிய சீஸ்.

பாஸ்தா வேகும்போதே மற்றொரு பாத்திரத்தில் பாலைச் சூடாக்கி மீனைப் போடுங்கள். ஓரத்தில் சிறு குமிழி வந்தால் போதும். தளதளவெனக் கொதித்தால் மீன் இறுகிவிடும், குழந்தை துப்பிவிடும். 8 நிமிடத்தில் இதழ் இதழாகப் பிரியும். முள் நீக்கிய துண்டானாலும் விரலால் உதிர்த்துத் தடவிப் பாருங்கள். முள் விரலுக்குத்தான் தெரியும், கரண்டிக்குத் தெரியாது.

கடைசி 3 நிமிடத்தில் பாஸ்தாவோடு பட்டாணி. வடிக்குமுன் அரை கப் நீரை எடுத்து வையுங்கள். அதிலுள்ள மாவுச்சத்து சாஸைக் கெட்டியாக்கும். எல்லாவற்றையும் கலந்து, அடுப்பை அணைத்த பிறகே சீஸ். கொதிக்கும்போது போட்டால் திரிதிரியாகி எண்ணெய் பிரியும். சீஸிலேயே உப்பு இருப்பதால் தனியாக வேண்டாம்.