ஒரு பூட்டு, ஒரு ஜோடி எட்டு

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் கட்டண விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். (எனக்குச் சீட்டுக்கட்டை ஒழுங்காகக் கலைக்கக்கூட வராது. அது வேறு கதை.)

பெண்கள் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். பெண்களுக்கு மட்டும் 9,000 டாலர் தள்ளுபடி.

இரண்டு முறை படித்தேன். அச்சுப்பிழை இல்லை.

ஆண்கள் வரக்கூடாது என்று சொல்ல நெவாடா சட்டம் இடம் தராது. அந்தத் தைரியத்தில் சில ஆண்கள் பெண்கள் போட்டியில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பெண் வேடத்திலேயே வந்தார்.

2013-இல் நிர்வாகம் போட்ட பூட்டு இது. தாராளமாக வா, பத்து மடங்கு கட்டிவிட்டு உட்கார்! திண்டுக்கல் பூட்டு தோற்றது.

முதன்மைப் போட்டியில் இந்தச் சலுகை எல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே 10,000.

1995-இல் அதன் இறுதி மேசையை, அதாவது கடைசியில் மிஞ்சும் சிலர் ஆடும் மேசையை, எட்டிய முதல் பெண் பார்பரா என்ரைட். அவர் கையில் ஒரு ஜோடி எட்டு. எதிராளியிடம் ஓர் ஆறு, ஒரு மூன்று, அவ்வளவுதான். பந்தயச் சில்லுகள் முழுவதும் நடுவில். இருவருக்கும் பொதுவாக மேசையில் விரிந்த சீட்டுகளோ எதிராளியின் பக்கம் சாய்ந்தன.

ஐந்தாம் இடம்.

அந்த மேசைக்கு இன்னொரு பெண் வர 30 ஆண்டுகள் ஆயின. 2025-இல் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ், 9,735 பேரில் ஏழாவது.

எனக்கென்னவோ அந்த இரண்டு எட்டுகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

தட்டு காய்ந்தேவிட்டது.